வாயைத் திறக்காமல் திருப்பாதிரிப்புலியூர் வரை

என் பிழைப்பே வாய்தான். ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு நோயாளிகளை உள்ளே அனுப்புகிற வேலை எனக்கு. சேர்ந்த புதிதில் மைக் கொடுத்தார்கள், இரண்டு நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட என் குரல் கேட்டு கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவார். அப்படிப்பட்டவளை ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டாள் என் மகள். அதுவும் படகு, பஸ், ரயில் என்று மாறி மாறி ஊர் திரும்ப வேண்டிய நாளில்.

மகளுக்குக் காது கேட்காது. நாலு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. மிஷின் வைத்தால் பக்கத்தில் பேசுவது ஓரளவு விழும், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். பேச்சு வரும், ஏற்ற இறக்கம் மட்டும் இருக்காது. கட்டட வரைபடம் படித்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களை அளந்து கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். தனியாகப் போக வேண்டும், தனியாகத் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்று நைசாகக் கழன்றுகொண்டார். நல்ல பெயர் அவருக்கு, வில்லி வேஷம் எனக்கு.

முடியாது என்றேன். பின்னால் லாரி வந்து ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காத பெண்ணை எந்தத் தைரியத்தில் அனுப்புவது? "வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லுவாங்க. காதும் இருந்தாத்தான்டி அந்த வாய் பொழைக்கும்" என்றேன். அவள் அழவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை.

"மூணு நாளு என்னோட வா. முதுகுல பையை மாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் கடலோரமா சுத்துவோம். கடைசி நாளு பூரா நான்தான் உன்னைக் கூட்டிக்கிட்டு வருவேன். நீ வெளியாளுங்ககிட்ட வாயே தெறக்கக் கூடாது, வழி கேக்கக் கூடாது. யார் என்னா சொன்னாலும் எனக்கு எடுத்துச் சொல்லக் கூடாது. ஒழுங்கா வந்து சேந்தா அனுப்பு. சேரலன்னா நானே வேணாம்னு எழுதிடறேன்" என்றாள்.

உடனே ஒத்துக்கொண்டேன். எனக்கு உள்ளூர சந்தோஷம். நம் ஊரில் பயணம் என்பதே காதால் செய்கிற காரியம். பஸ்ஸின் போர்டில் ஒரு ஊர் இருக்கும், கண்டக்டர் வாயில் இன்னொரு ஊர் வரும். ரயில் எங்கே வரும் என்று கூரையிலிருந்து ஒரு குரல் சொல்லும். எப்படியும் தோற்றுவிடுவாள், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்பதுதான் கவலையாக இருந்தது. ஐம்பது வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதுகில் பை, சுடிதார், காலில் கேன்வாஸ் ஷூ. பைக்குள் புளிசாதம், மூட்டுவலித் தைலம், ஜெபமாலை.

தரங்கம்பாடி, பூம்புகார் என்று இரண்டு நாள் சுற்றினோம். அந்த இரண்டு நாளும் நான்தான் பேசினேன், விசாரித்தேன், பேரம் பேசினேன். இரண்டாம் நாள் இரவு கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு ஊரில், என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவரின் அக்கா வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் காலையில் படகுத்துறைக்கு நடக்கும்போதே மகள் தன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். சரிடி என்று தலையை ஆட்டினேன்.

அங்கிருந்து கிள்ளைப் பக்கம் போக ஃபைபர் படகு. மீன்கூடைகள், சைக்கிள் ஒன்று, சந்தைக்குப் போகும் சனங்கள், நாங்கள் இரண்டு பேர். உப்புத் தண்ணீர் பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்று மகள் அதைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். ஆக, இனிமேல் சுத்தமாகக் கேட்காது. நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். அவளோ பக்கத்திலிருந்த மீன்காரம்மாவிடம் குனிந்து என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சத்தத்தில் எனக்கு அது விழவில்லை.

பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் வற்றுகிற நேரம். வெகுநேரம் காத்திருந்தோம், வெயில் ஏறியதே தவிர தண்ணீர் ஏறவில்லை. படகுக்காரர் ஆண்களை இறக்கித் தள்ளச் சொன்னார். அசையவில்லை. "பொம்பளைங்களும் எறங்குங்க, வெயிட்டு ஜாஸ்தி. எடது பக்கம் எறங்காதீங்க, பள்ளம் கெடக்குது!" என்று கத்தினார். என் மகள் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, எல்லோரும் எழுவதைப் பார்த்து ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாள்.

நான் கத்தினேன். ஆஸ்பத்திரி வராந்தாவையே அதிரவைக்கிற குரல் அது. கரையில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், அவளைத் தவிர. மீன்காரம்மாதான் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தப் பக்கம் ஆழம் என்று கையால் காட்டினார். மகள் காலை உள்ளே எடுத்துக்கொண்டு, மறுபக்கம் இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல எல்லோரோடும் சேர்ந்து படகைத் தள்ளினாள். பெங்களூரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அந்தச் சேற்றிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கரையில் கால் கழுவி, மிஷினை மாட்டிக்கொண்டதும் அவளே ஆரம்பித்தாள்.

"கத்துனியாமே. அந்தக்கா சொன்னாங்க. ரூலை மீறிட்ட."

"உசுரு போற எடத்துல என்னாடி ரூலு?"

"நீ கத்துனதால என்னா ஆச்சு? எனக்குத்தான் கேக்கலியே. அவுங்க கையைப் புடிச்சதாலதான் நின்னேன். படகுல ஏறுனதுமே சொல்லி வெச்சிட்டேன். எனக்குக் காது கேக்காதுக்கா, ஏதாவது சொன்னாங்கன்னா என் கையைத் தொடுங்கன்னு. எங்க போனாலும் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட மொதல்ல அதைத்தான் சொல்லுவேன்."

கல்லூரிக்குப் போன வருஷங்களெல்லாம் அப்படித்தான் போய் வந்தாளாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாண வயதுப் பெண், தன் குறையைத் தானே ஊருக்கெல்லாம் தமுக்கு அடிப்பாளா? பெண் பார்க்க வருகிறவர்களுக்கே காபி கொடுத்து, பலகாரம் கொடுத்து, அவர்கள் முகம் மலர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்போம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அவள் முடியைக் காதின்மேல் இழுத்துவிட்டுத்தான் கூட்டிப்போவேன். இவளோ முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, மிஷினை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

கிள்ளை பஸ் நிறுத்தத்தில் ஒரு மினி பஸ் வந்தது. பின்னாலேயே அரசு பஸ் வருகிறது, பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று நிழலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. விறுவிறுவென்று மினி பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஓசி பஸ்ஸை விட்டுவிட்டுக் காசு கொடுத்துப் போகிற கொடுமையை வாயை மூடிக்கொண்டு பார்ப்பதைப்போல ஒரு தண்டனை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

கண்டக்டர் என்னிடம்தான் வந்தார். "எங்கம்மா போவணும்?" நான் உதட்டை இறுக்கிக்கொண்டு மகளைக் கைகாட்டினேன்.

"சிதம்பரம் ரெண்டு. ண்ணா, எனக்குக் காது கேக்காது. ஸ்டாப்பிங் வந்தா கொஞ்சம் கை காட்டுங்க" என்றாள் அவள்.

கண்டக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே இளகிப்போனது. "உனக்குக் காது கேக்காதா? அம்மாவுக்கு வாய் பேச வராதா?" என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்.

மகள் அவர் உதட்டைப் படித்தாள். கண்ணில் ஒரு குறும்பு வந்து போனது. "ஆமாண்ணா, இன்னிக்குப் பூரா வராது" என்றாள்.

அவ்வளவுதான். கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பஸ்ஸே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது. "பொறந்ததுலேர்ந்தா?" "மூஞ்சி எவ்ளோ லட்சணமா இருக்குது, ஆண்டவன் இப்பிடிப் பண்ணிட்டானே." "அவுங்க ஏதாவது சாப்ட்டாங்களாம்மா?" எல்லாக் கேள்வியும் என் தலைக்கு மேலாக என் மகளைப் பார்த்துத்தான். நான் சாப்பிட்டேனா என்று என்னைக் கேட்டால் என்ன? தலையையாவது ஆட்ட மாட்டேனா? கன்னம் காந்தியது. இப்போது மட்டும் வாயைத் திறந்தேன் என்றால் இந்த மினி பஸ் சாக்கடைக்குள் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது என் மகளின் வழக்கம். கடையில், கல்யாண வீட்டில், டாக்டர் அறையில், "உங்க பொண்ணு என்னா சாப்பிடுவா, என்னா படிக்கிறா" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். பராக்குப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். அப்படித் திரும்பிக்கொண்டால் நெஞ்சு இப்படி எரியும் என்று எனக்கு யார் சொல்வது? கிள்ளையிலிருந்து சிதம்பரம் வரை வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும் இடத்தில் கண்டக்டர் மறக்காமல் வந்து கை காட்டினார். எனக்குக் கை கொடுத்து இறக்கியும் விட்டார். புளிசாதம் ஊசிப்போயிருந்ததால் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். அங்கேயும் அவள்தான் எனக்கு ரசம் கேட்டாள், அப்பளம் கேட்டாள். இரண்டாவது அப்பளம் வேண்டும் என்று எனக்கு ஆசை. விரலைக் காட்டினேன், வாங்கிக் கொடுத்தாள்.

ரயில் நிலையத்துக்கு நேரத்தோடு போய்விட்டோம். விழுப்புரம் பாசஞ்சர் தாமதம். பெஞ்சில் பக்கத்தில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்களிடம் அவள் வழக்கம்போல் சொல்லி வைத்தாள். "ஓகேக்கா, நாங்க சொல்றோம்" என்று பெரிதாகத் தலையாட்டினார்கள். பிறகு போனைப் பார்த்து இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். மகள் ஒரு நோட்டை எடுத்து, எதிரில் இருந்த நடைமேம்பாலத்தை வரைய ஆரம்பித்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பிளாட்பாரத்துக்கு வரவேண்டிய வண்டி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வருகிறதாம். தமிழில் சொன்னார்கள், இந்தியில் சொன்னார்கள், இங்கிலீஷில் சொன்னார்கள். சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினார்கள். கல்லூரிப் பெண்களும் "ஐயோ" என்று எழுந்து ஓடினார்கள். என் மகளை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. சொல்லி வைத்த லட்சணம் இதுதானா என்று நினைத்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் படிக்கட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். வண்டி போய்விடும், அவள் வேணாம் என்று எழுதிவிடுவாள், என் பெண் என் கண்ணெதிரே இருப்பாள். அதற்குத்தானே மூன்று நாளாக இந்தப் பையைச் சுமந்தேன்? ஆனால் என் கை ஜெபமாலையைத் தேடி எடுத்துவிட்டது. மாதாவே, இவளை நிமிர்ந்து பார்க்க வை. நிமிர்ந்து பாருடி. ஒரு தடவை நிமிர்ந்து பாருடி என் தங்கமே. தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது, ஆனால் தட்டினால் நானே அவளைத் தோற்கடித்த மாதிரி ஆகிவிடும். தட்டாமல் இருந்தாலும் தோற்றுப்போவாள். அவள் தோற்கக் கூடாது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கோடு ஒன்றை முடித்துவிட்டு அவள் தலையைத் தூக்கினாள். காலியான பெஞ்சைப் பார்த்தாள். எதிர்ப் பக்கத்தில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து டீக்கடைக்காரரிடம் போய், "ண்ணா, விழுப்புரம் வண்டி அந்தப் பக்கமா?" என்று கேட்டாள். அவர் பாலத்தைக் காட்டிக் கையை வீசினார்.

ஓடினோம். தூரத்தில் இன்ஜின் விளக்கு தெரிந்தது. பாலத்தின் படியில் என் முழங்கால் மக்கர் பண்ணியது. அவள் என் பையைப் பிடுங்கி மார்பில் மாட்டிக்கொண்டாள், முதுகில் அவள் பை, ஒரு கையில் என் கை. இறங்குகிற படியில் நான் இரண்டு தடவை மாதாவையும் ஒரு தடவை ரயில்வேயையும் வாய்க்குள்ளேயே கூப்பிட்டேன். கடைசிப் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

இடம் கிடைத்து உட்கார்ந்ததும், "அந்தப் பொண்ணுங்க உன்னை மறந்துட்டாளுங்களே" என்றேன். வண்டியில் ஏறியாயிற்று, இனி நான் பேசி என்ன கெட்டுவிடப் போகிறது?

"மறப்பாங்கமா. எல்லாரும் ஞாபகம் வெச்சிருப்பாங்களா? அதனாலதான் அப்பப்ப தலையைத் தூக்கிப் பாத்துக்குவேன்" என்றாள். அவளுக்கு அவர்கள்மேல் கோபமே இல்லை. எனக்குத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

கொஞ்சம் கழித்து, "உனக்கு மொதல்லயே தெரியும்ல?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"சொல்லல பாத்தியா. நீ சொல்லிடுவேன்னுதான் நெனச்சேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை முழுக்க வியர்த்திருந்தது.

எதிர் சீட்டில் பரங்கிப்பேட்டையில் ஏறிய ஒரு பாயும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். மகள் அவர்களிடமும் தன் சேதியைச் சொல்லி வைத்தாள். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அதுக்கென்னம்மா, நாங்க சொல்றோம்" என்றார். ஒரு வாய்க்கால் பாலத்தில் வண்டி தடதடத்தது. காற்று நன்றாக அடித்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

கண்ணை விழித்தபோது வண்டி நின்றிருந்தது. மூக்கில் சிப்காட் கெமிக்கல் நெடி. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பலகையில் கடலூர் என்று எழுதியிருந்தது. பதறி எழுந்து, பையை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன். யாரோ பின்னாலிருந்து பையின் பட்டையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"ஒக்காரும்மா. இது முதுநகரு. நம்ம எறங்கறது அடுத்த ஸ்டேஷன், திருப்பாதிரிப்புலியூரு" என்றாள் மகள்.

வெளியூர்க்காரர்கள்தான் கடலூர் என்று பார்த்ததும் முதுநகரில் இறங்கி ஏமாறுவார்கள். திருப்பாதிரிப்புலியூரில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். வண்டி கிளம்பியது. அசடு வழிய உட்கார்ந்தேன்.

"நான் தூங்கிட்டேனா?"

"கொறட்டை விட்ட."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பாய் சிரிச்சிக்கிட்டே காமிச்சாரு. எழுப்பட்டுமான்னு அவுங்க கேட்டாங்க. நான்தான் வேணாம், தூங்கட்டும், ஸ்டேஷனை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

அவளுக்குக் காய்ச்சல் வந்த அந்த வருஷத்திலிருந்து, அவளோடு போகும் எந்த வண்டியிலும் நான் கண்ணை மூடியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தானே கேட்க வேண்டும்? வேளாங்கண்ணிக்கு ராத்திரி பஸ்ஸில் போனால்கூட விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு மட்டும் அவள் பக்கத்தில், அவள் பொறுப்பில், குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். என் உடம்பே அவளை நம்பிவிட்டது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண் கலங்கியது. எதிர் சீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அந்த விளக்குகளைப் பார்த்துத்தான் சொன்னேன். போய்ட்டு வா, வேலைக்கு வரேன்னு எழுதிடு என்று சொன்னேன்.

அவள் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னைப் பாத்துச் சொல்லு."

சொன்னேன்.